வீட்டில் ஐஸ் கோப்பி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நத்தார் நெருங்கும்போதும், வீட்டில் பிறந்தநாள் வரும்போதும், ஏப்ரல் மாதப் புழுக்கம் தாங்க முடியாதபோதும் கொழும்பில் உள்ள உறவினரும் அயலவரும் ஐஸ் கோப்பியைப் பற்றி என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. அவற்றை ஓரிடத்தில் சேர்த்து எழுதிவைத்தால் பலருக்கும் உதவும் என்று எண்ணித் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். வாசனைக்கு என்ன சேர்ப்பது என்று யோசிப்பதில் காட்டும் அக்கறையைச் சாயம், அதாவது தூளிலிருந்து இறங்கும் கோப்பி நீர், வடிப்பதிலும் அதை முழுதாக ஆறவைப்பதிலும் காட்டினால் பெரும்பாலான சிக்கல்கள் எழவே மாட்டா என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் பதில்கள் பலவும் அந்த இடத்துக்கே திரும்பி வரும்.

ஐஸ் கோப்பியெண்டா ஐஸ் போட்ட கோப்பிதானே?

கொழும்பு வீடுகளில் விருந்தினருக்குக் கொடுக்கும் ஐஸ் கோப்பியில் பெரும்பாலும் ஐஸ்கட்டியே இருப்பதில்லை. கடுமையாக வடித்த கோப்பிச் சாயத்தில் டின்பாலும் பாலும் வெனிலாவும் சேர்த்து, குளிர்சாதனப் பெட்டியில் பல மணி நேரம் வைத்து, நன்றாகக் குளிர்ந்த பின் சிறிய கண்ணாடிக் குவளைகளில் ஊற்றிக் கொடுப்பதே இங்கு வழக்கம். சில வீடுகளில் ஒரு சொட்டு பிராண்டியும் சேரும்.

ஐஸ்கட்டியின் மேல் ஊற்றிக் குடிக்கும் முறையும் நல்லதுதான், ஆனால் அதற்குச் சாயத்தின் கடுமையை வேறு விதமாகக் கணக்கிட வேண்டும். இந்தத் தொகுப்பில் நான் சொல்லும் அளவுகள் ஐஸ் போடாத கொழும்பு முறைக்கானவை.

ஒரு அளவு சொல்லுங்க அக்கா, அதைப் பார்த்து அப்படியே செய்றேன்.

ஏறத்தாழ ஒரு லீற்றர், அதாவது 150 மில்லிலீற்றர் குவளையில் ஆறு பேருக்குச் சற்று மேல் வரக்கூடிய அளவு இது. கோப்பித்தூள் 80 கிராம், தண்ணீர் 700 மில்லிலீற்றர், இனிப்பூட்டிய டின்பால் 200 கிராம், கெட்டியான பால் 300 மில்லிலீற்றர், வெனிலா ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. உப்பைக் கண்டு தயங்க வேண்டாம்; அந்த அளவு உப்பு கரிப்பதில்லை, கசப்பைத்தான் தணிக்கிறது.

தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கி, அரை நிமிடம் பொறுத்துத் தூளைப் போட்டுக் கிளறி, மூடி ஐந்து நிமிடம் வையுங்கள். பிறகு துணியால் வடிகட்டுங்கள். தூள் தன் எடையைப் போல இரு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் 540 மில்லிலீற்றர் சாயம்தான் கிடைக்கும். குறைந்துவிட்டதே என்று மண்டியின் மேல் மறுபடி தண்ணீர் ஊற்றக் கூடாது, அப்படி வருவது வெறும் கசப்பு. சாயம் சூடாக இருக்கும்போதே டின்பாலையும் உப்பையும் கலந்துவிடுங்கள். அது ஆறிய பின் பாலும் வெனிலாவும் சேர்த்து, மூடியுள்ள போத்தலில் ஊற்றிக் குறைந்தது ஆறு மணி நேரம் குளிரவையுங்கள். முந்தைய நாள் இரவே செய்துவைத்தால் இன்னும் நல்லது.

எந்தக் கோப்பித்தூள் வாங்குறது? நம்ம ஊர்த் தூள் சரிவருமா?

நன்றாகச் சரிவரும். டின்பாலின் இனிப்பையும் கொழுப்பையும் தாண்டி நாக்குக்கு எட்ட வேண்டுமானால் கோப்பி கறுக்க வறுபட்டதாக இருக்க வேண்டும், இங்குள்ள பலசரக்குக் கடைகளில் ஹரிச்சந்திரா போன்ற பெயர்களில் கிடைக்கும் தூள்கள் அப்படிப்பட்டவையே. புறக்கோட்டையிலோ வெள்ளவத்தைச் சந்தைப் பக்கத்திலோ கண்முன்னே அரைத்துக் கொடுக்கும் கடை தெரிந்திருந்தால் அங்கே வாங்குங்கள். வாசனை பறக்குமுன் வீட்டுக்கு வந்துவிடும். நுவரெலியா, கண்டிப் பக்கங்களில் விளையும் அரபிகா வகைக் கோப்பி மென்மையாக வறுக்கப்பட்டிருந்தால் அதைப் பால் சேர்க்காமல் குடிப்பதே அதற்குச் செய்யும் மரியாதை. டின்பாலில் அதன் நுட்பமான மணம் அமிழ்ந்துபோகும், கொடுத்த பணமும் வீணாகும்.

இந்த நாடு தேயிலைக்குப் பெயர்பெறுமுன் கோப்பிக்குப் பெயர்பெற்றிருந்தது என்பதை இளையவர்கள் பலர் அறியமாட்டார்கள். 1869 இல் இலங்கையில் பதிவான இலைத்துரு நோய் அடுத்த சில பத்தாண்டுகளில் கோப்பித் தோட்டங்களை அழித்தது, அந்த மலைகளில் தேயிலை ஏறியது. தென்னிந்தியாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் முதலில் இங்கு அழைத்துவரப்பட்டது கோப்பிக்காகத்தான். வீட்டுத் தோட்டங்களில் நின்ற மரங்கள் தப்பின, மத்திய மலைநாட்டுக் கிராமங்களில் இன்றும் காய்க்கின்றன.

மல்லி கலந்து அரைத்த தூளைப் பற்றியும் கேட்கிறார்கள். அது சுடக் குடிக்க அருமையானது. வெனிலாவோடு மட்டும் அது ஒத்துப்போவதில்லை. அந்தத் தூள்தான் கையில் இருக்கிறதென்றால் வெனிலாவை விட்டுவிட்டு, பின்னால் சொல்லும் பனங்கட்டி முறையைப் பின்பற்றுங்கள்.

வீட்டில நெஸ்கஃபே மட்டும்தான் இருக்கு. அதில செய்யலாமா?

செய்யலாம். உடனடிக் கோப்பித்தூள் முழுவதும் கரையும். அரைத்த தூளிலோ ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் தண்ணீரில் இறங்கும். ஆகவே 80 கிராம் தூளுக்குப் பதிலாக 18 முதல் 20 கிராம் உடனடித் தூள் போதும். தலைதட்டிய பத்துத் தேக்கரண்டி என்று வைத்துக்கொள்ளலாம். 540 மில்லிலீற்றர் சுடுதண்ணீரில் கரைத்து, மற்றவற்றை மேலே சொன்னபடியே செய்யுங்கள். மண்டி இல்லாததால் தண்ணீர் குறையாது என்பதை மறக்க வேண்டாம். மணம் சற்றுக் குறைவாக இருக்கும். ஏலக்காய் ஒன்றிரண்டு அதை ஈடுசெய்யும்.

எனக்கு எப்பவும் கசக்குது. சீனியைக் கூட்டியும் கசப்புப் போகல. ஏன்?

தூளைப் போட்ட பிறகும் அடுப்பில் கொதிக்கவிடுவதே பெரும்பாலும் காரணம். கோப்பித்தூளிலிருந்து மணமும் இனிமையும் முதலில் இறங்கும், கசப்பும் துவர்ப்பும் பிந்தி இறங்கும்; கொதித்துக்கொண்டே இருந்தால் முதலில் இறங்கியவை ஆவியோடு போய்விடும், பிந்தியவை மட்டும் சேர்ந்துகொண்டே இருக்கும். கொழும்பு கடல்மட்டத்தில் இருப்பதால் இங்கு தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கிறது. கோப்பிக்கு 90 முதல் 96 பாகை போதும் என்பதனால்தான் அரை நிமிடம் பொறுக்கச் சொன்னேன். நுவரெலியாவில் இருப்பவர்கள் அந்த அரை நிமிடமும் பொறுக்கத் தேவையில்லை, அங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும்.

இரண்டாவது காரணம், கடுமை வேண்டும் என்று தூளைக் கூட்டாமல் நேரத்தைக் கூட்டுவது. கடுமை வேண்டுமானால் தூளைத்தான் கூட்ட வேண்டும். ஐந்து நிமிடத்தைப் பதினைந்து நிமிடமாக்கினால் கசப்புத்தான் ஏறும், அந்தக் கசப்பைச் சீனியால் மறைக்க முடியாது.

சுடச்சுட வடிச்சு ஐஸ் மேல ஊத்தினா வேலை சுருக்கா முடியாதா?

முடியும், ஆனால் அதற்கு எவ்வளவு ஐஸ் உருக வேண்டும் என்று கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு கிராம் தண்ணீரை ஒரு பாகை குளிர்விக்க ஒரு கலோரி வெப்பத்தை எடுக்க வேண்டும்; ஒரு கிராம் ஐஸ் உருகும்போது 80 கலோரியை எடுத்துக்கொள்ளும். 85 பாகையில் உள்ள 500 மில்லிலீற்றர் சாயத்தை 5 பாகைக்குக் கொண்டுவர 40,000 கலோரி எடுக்கப்பட வேண்டும், அதற்கு ஏறத்தாழ 470 கிராம் ஐஸ் உருகியாக வேண்டும். அதாவது நீங்கள் பாடுபட்டு வடித்த சாயத்தில் அதே அளவு தண்ணீர் கலந்துவிடுகிறது. அதே சாயத்தை முதலில் 30 பாகைக்கு ஆறவைத்து, பிறகு ஐஸ் போட்டால் 150 கிராம் ஐஸ் போதும்.

ஆகவே வடித்த பாத்திரத்தைத் தண்ணீர் நிரம்பிய அகன்ற தொட்டியில் வைத்து, தண்ணீர் வெதுவெதுப்பானதும் மாற்றி, அவ்வப்போது கிளறிவிடுங்கள். அரை மணி நேரத்துக்குள் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்துவிடும், பிறகு குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கலாம். ஐஸ் போட்டுத்தான் குடிப்பேன் என்பவர்கள் மீந்த சாயத்தையே ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து அந்தக் கட்டிகளைப் போட்டுக்கொண்டால், உருக உருகக் கடுமை குறையாது. தண்ணீர் ஐஸ் என்றால் கொதித்து ஆறிய நீரில் செய்யுங்கள். குழாய் நீரை நேரே உறையவைப்பதால் அது சுத்தமாகிவிடாது.

டின்பால் போடத்தான் வேணுமா? பால்மா, பக்கெட் பால் போதாதா?

கட்டாயம் இல்லை, ஆனால் கொழும்பு ஐஸ் கோப்பி என்று நாம் அடையாளம் காணும் அந்த வழுவழுப்பு டின்பாலால் வருவது. பாலிலிருந்து தண்ணீரின் பெரும்பகுதியை நீக்கிச் சீனி சேர்த்துக் காய்ச்சும்போது உண்டாகும் பால்கோவா மணமும் அதனோடு வரும். வெறும் பாலும் சீனியும் சேர்த்தால் குளிர்ந்த பால் கோப்பி கிடைக்கும். அதுவும் குடிக்க நன்றாகவே இருக்கும், ஆனால் வேறு பானம்.

டின்பாலோடு சேர்க்கும் 300 மில்லிலீற்றர் பாலுக்குப் பால்மா மிகவும் பொருத்தமானது. ஒரு லீற்றர் சாதாரணப் பாலுக்கு ஏறத்தாழ 130 கிராம் முழு ஆடைப் பால்மா என்பது கணக்கு. ஐஸ் கோப்பிக்கு 160 கிராம் என்ற வீதத்தில், அதாவது 300 மில்லிலீற்றருக்கு 48 கிராம், கரைத்தால் நல்ல கெட்டி வரும். வெதுவெதுப்பான நீரில் கரைத்து வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் சிறு கட்டிகள் குளிரில் இறுகிக் குவளையில் மிதக்கும். பக்கெட் பால் என்றால் காய்ச்சி ஆறவைத்து ஆடையை எடுத்துவிட வேண்டும்.

சீனி போட்டுக் கிளறினாலும் ஏன் அடியில போய் நிக்குது?

குளிர்ந்த நீரில் சீனி மெதுவாகவே கரையும். சம அளவு சீனியும் தண்ணீரும் சேர்த்துச் சூடாக்கிக் கரைத்த பாகை ஒரு போத்தலில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து வேண்டிய அளவு விட்டுக்கொள்ளுங்கள். குளிர் நாக்குக்கு இனிப்பைக் குறைத்துக் காட்டும் என்பதால் கலவையைக் குளிரவைத்த பின் ஒரு வாய் குடித்துப் பார்த்தே இனிப்பைத் தீர்மானிக்க வேண்டும்.

வெனிலாவை எப்ப விடுறது? அடுப்பில இருக்கும்போதா?

ஆறிய பிறகு மட்டும். கடையில் விற்கும் வெனிலா பெரும்பாலும் எளிதில் ஆவியாகும் திரவத்தில் கரைக்கப்பட்டிருக்கும். சூட்டில் விட்டால் அடுப்படி மணக்கும், கோப்பி மணக்காது. கண்டிப் பக்கத்தில் விளையும் முழு வெனிலாக் காய் கிடைத்தால் முறை நேர்மாறானது: காயைப் பிளந்து, உள்ளிருக்கும் விதைகளைச் சுரண்டி, காயோடு சேர்த்துச் சூடான பாலில் போட்டு மூடி ஊறவிட வேண்டும், ஏனெனில் அதன் மணம் சூட்டில்தான் இறங்கும். அரைக் காய் ஒரு லீற்றருக்குப் போதும்.

ஏலக்காய், கறுவா, சாதிக்காய் எல்லாம் போட ஆசை. தூளாப் போட்டா மேல மிதக்குது, தொண்டையில நிக்குது.

தூளாகப் போடாமல் முழுதாகப் போட்டு எடுத்துவிடுங்கள். இந்த மணங்கள் எண்ணெயாக இருப்பவை. சூடும் கொழுப்பும் அவற்றை நன்றாக வாங்கும். ஆகவே கோப்பியோடு கொதிக்கவைப்பதைவிட, சேர்க்கப்போகும் 300 மில்லிலீற்றர் பாலைச் சூடாக்கி அதில் ஊறவைப்பதே சிறந்த வழி. நாலைந்து ஏலக்காயைத் தோலோடு நசுக்கிப் போட்டு, பால் பொங்குமுன் இறக்கி, மூடி இருபது நிமிடம் வைத்து வடித்தால் ஏலம் முன்னே வந்து நிற்கும். இது எனக்கு மிகவும் பிடித்த சேர்க்கை. கோப்பியின் கருகல் மணத்துக்கும் டின்பாலின் இனிப்புக்கும் நடுவே ஏலம் போல இயல்பாகப் போய் அமரும் பொருள் வேறில்லை.

கறுவாவில் நம்முடையது மெல்லிய பட்டைகள் பல சுருண்டு ஒன்றுக்குள் ஒன்று அடங்கியிருக்கும், கையால் நொறுக்கலாம். தடித்து ஒற்றைச் சுருளாக இருப்பது காசியா என்னும் வேறு மரத்தின் பட்டை. காசியாவின் காரம் கோப்பியை அமுக்கிவிடும். ஈரலுக்கு ஆகாத கூமரின் என்னும் பொருளும் அதில் கூடுதலாக இருக்கிறது. நம் கறுவா ஒரு விரல் நீளத் துண்டு ஒரு லீற்றருக்குப் போதும். கறுவாவை நீண்ட நேரம் ஊறவிட்டால் பால் கொழகொழப்பாகிவிடும் என்பதால் பதினைந்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். சாதிக்காயை மட்டும் பரிமாறும்போது குவளையின் மேல் நேரே துருவலாம், இரண்டு இழுப்புக்கு மேல் வேண்டாம். மூன்றையும் ஒன்றாகப் போட்டால் வட்டிலப்பத்தின் நினைவு வரும், கோப்பி மறைந்துவிடும். ஒரு போத்தலுக்கு ஒரு மணம், மிஞ்சினால் இரண்டு என்று நிறுத்திக்கொள்வதே நல்லது.

கித்துள் பாணி, பனங்கட்டி போட்டா பால் திரைஞ்சுடாதா?

கொதிக்கும் பாலில் போட்டால் திரையக்கூடும். கருப்பட்டி வகைகளில் சிறிதளவு புளிப்பும் உப்புகளும் இயற்கையாகவே இருக்கின்றன, சூடு அவற்றுக்குத் துணைபோகிறது. கோப்பியும் தன்னளவில் புளிப்புள்ளதே. ஆகவே பனங்கட்டியைச் சூடான சாயத்தில் கரைத்து, மண் தூசு போக வடித்து, நன்றாக ஆறவைத்து, அதன்பின் குளிர்ந்த பாலைச் சேருங்கள். குளிரில் திரையாது.

பனங்கட்டி என்றால் டின்பாலை 200 கிராமிலிருந்து 80 கிராமாகக் குறைத்து, பனங்கட்டி 70 கிராம் போடலாம். குறையும் கெட்டிக்குப் பாலை 100 மில்லிலீற்றர் கூட்டுங்கள். யாழ்ப்பாணத்து வீடுகளில் வேர்க்கொம்பும் மல்லியும் சேர்ந்த கோப்பியைப் பனங்கட்டி கடித்துக் குடித்துப் பழகியவர்களுக்கு இந்த ஐஸ் கோப்பி உடனே பிடித்துப்போகும். கித்துள் பாணியை மேசைக்கரண்டி கணக்கில் குவளையின் அடியில் விட்டு அதன் மேல் கோப்பியை ஊற்றினால் அழகாகவும் இருக்கும். சீனிப் பாகு கலந்த கித்துள் பாணியும் சந்தையில் உண்டு. வெறும் இனிப்பாக மட்டும் இருந்து, புகை மணமும் பின்கசப்பும் இல்லாதிருந்தால் அந்தப் போத்தலைக் கோப்பிக்குப் பயன்படுத்துவதில் பயனில்லை.

பச்சை இஞ்சி சாறு விட்டு ஐஸ் கோப்பி செஞ்சேன். பால் கட்டி கட்டியாப் போச்சு. பால் பழசா?

பால் நல்லதாகவே இருந்திருக்கலாம். பச்சை இஞ்சியில் புரதத்தை வெட்டும் நொதியம் ஒன்று இருக்கிறது. வெதுவெதுப்பான பாலில் அது பாலைத் தயிர் போல உறையச் செய்துவிடும். சீனாவின் தென்பகுதியில் இந்தத் தன்மையைப் பயன்படுத்தியே இஞ்சிப்பால் என்னும் இனிப்பைச் செய்கிறார்கள். கொதிக்கவைத்தால் அந்த நொதியம் செயலிழக்கும்.

எனவே இஞ்சியைத் தட்டி, கோப்பிக்கான தண்ணீரிலேயே முதலில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, இஞ்சியை எடுத்த பின் கோப்பித்தூளைப் போடுங்கள். வேர்க்கொம்பு உலர்ந்தது என்பதால் அதில் இந்தத் தொல்லை குறைவு, ஆனாலும் அதையும் அதே முறையில் தண்ணீரில் கொதிக்கவைப்பதே பாதுகாப்பு. தேசிக்காய், தோடம்பழச் சாறு ஆகியவற்றைப் பால் சேர்த்த கோப்பியில் எந்த முறையிலும் சேர்க்க வேண்டாம். தோடம்பழ மணம் வேண்டுமானால் தோலின் மஞ்சள் பகுதியை மட்டும் சீவி, ஏலக்காய்க்குச் சொன்னபடி பாலில் ஊறவைக்கலாம்.

பிராண்டி விடாம அந்த ருசி வருமா? நாங்க மதுசாரம் சேர்க்கிறதில்ல.

பிராண்டி இல்லாத ஐஸ் கோப்பி எந்த வகையிலும் குறைவானதல்ல. பிராண்டி ஓக் மரப் பீப்பாயில் வைக்கப்படும்போது மரத்திலிருந்து வெனிலா மணமும் சீனி கருகும் மணமும் அதில் ஏறுகின்றன. அவற்றை நேரடியாகவே கொண்டுவரலாம்: இரண்டு மேசைக்கரண்டி சீனியைத் தண்ணீர் விடாமல் பாத்திரத்தில் உருக்கி, செம்பழுப்பு நிறம் வந்ததும் அரைக் குவளை சூடான சாயத்தை மெதுவாக ஊற்றிக் கரையுங்கள். அது சீறிப் பொங்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அதனோடு ஒரே ஒரு கராம்பு போட்டு எடுத்து, மீதிச் சாயத்தோடு கலந்தால் அந்த ஆழம் வந்துவிடும்.

மதுசாரத்தை முற்றாகத் தவிர்ப்பவர்கள் வெனிலாப் போத்தலின் ஒட்டுச்சீட்டையும் படிக்க வேண்டும், ஏனெனில் சில வகைகள் மதுசாரத்தில் கரைக்கப்பட்டவை. மேலே சொன்ன வெனிலாக் காயைப் பயன்படுத்தினால் அந்தக் கவலையே இல்லை. மறுபுறம், பிராண்டி சேர்ப்பவர்கள் அதை விருந்தினருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒருவர் அறியாமல் குடிக்க நேர்வதும், வாகனம் ஓட்டுபவரோ குழந்தையோ குடிக்க நேர்வதும் நம் பொறுப்பாகும்.

இப்ப எல்லாரும் கோல்ட் புரூ எண்டு சொல்றாங்க. ராத்திரி மேசையில ஊறவச்சாப் போதுமா?

கோல்ட் புரூ என்பது கரடுமுரடாக அரைத்த கோப்பியைக் குளிர்ந்த நீரில் பல மணி நேரம் ஊறவைத்து வடிப்பது. கொழும்பில் இரவிலும் வெப்பம் பெரும்பாலும் 25 பாகையை ஒட்டியே இருக்கும், அதனால் மேசையில் வைக்காமல் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே வைத்து 14 முதல் 18 மணி நேரம் ஊறவிடுங்கள். 100 கிராம் தூளுக்கு 800 மில்லிலீற்றர் கொதித்து ஆறிய நீர் சரியான அளவு. நம் கடைத் தூள் மிக நுண்மையானது, அதில் செய்தால் சேறுபோலக் கலங்கி வடிக்கவே முடியாது. அரைக்கும் கடையில் ரவைப் பதத்துக்கு அரைக்கச் சொல்லி வாங்க வேண்டும்.

அப்படி வடித்தது புளிப்பும் கசப்பும் குறைந்து மென்மையாக இருக்கும். தூளோடு நசுக்கிய ஏலக்காயையோ தோடம்பழத் தோலையோ சேர்த்து ஊறவைத்து, பால் இல்லாமல் குடிக்க அருமையானது. ஆனால் டின்பால் சேர்க்கும் ஐஸ் கோப்பிக்கு நான் சூடாக வடித்த சாயத்தையே எடுப்பேன். டின்பாலின் இனிப்பை எதிர்த்து நிற்க அந்தக் கசப்பு தேவை, கோல்ட் புரூவில் அது போதாது.

செஞ்சு எத்தனை நாள் வைக்கலாம்? பிராண்டி விட்டா கெடாதுதானே?

பால் சேர்த்தது இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். பால் சேர்க்காத சாயம் மூடிய போத்தலில் ஐந்து நாள் வரை இருக்கும், மணம் மட்டும் நாளுக்கு நாள் குறையும். பிராண்டி பாதுகாக்கும் என்பது தவறான எண்ணம்: ஒரு லீற்றரில் 50 மில்லிலீற்றர் பிராண்டி விட்டால் மொத்தக் கலவையில் மதுசாரம் ஏறத்தாழ 2 சதவீதமே, அது எந்தக் கிருமியையும் தடுக்காது. டின்பால் டின்னுக்குள் கெடாமல் இருப்பது அதிலுள்ள சீனியின் அடர்த்தியால். கோப்பியில் கரைந்த பின் அந்தப் பாதுகாப்பும் இல்லை.

மின்சாரம் நின்றால் பெட்டிக் கதவைத் திறக்காமல் வைத்திருங்கள், நாலு மணி நேரம் வரை குளிர் நிற்கும். அதற்கு மேல் போய்விட்டால் பால் சேர்த்த கோப்பியைக் கொட்டிவிடுவதே நல்லது. மணந்து பார்த்துத் தீர்மானிக்க முடியாது, கோப்பியின் மணம் கெட்ட பாலின் மணத்தை மறைத்துவிடும்.

பிள்ளைகளுக்குக் குடுக்கலாமா? கர்ப்பிணிகள், சீனி வருத்தம் உள்ளவங்க?

மேலே சொன்ன அளவில் 80 கிராம் தூள் இருக்கிறது. அரபிகாவில் ஏறத்தாழ 1.2 சதவீதமும் ரொபஸ்டா என்னும் மற்றக் கோப்பி வகையில் அதன் இரு மடங்குக்கு அருகிலும் கஃபீன் இருப்பதால், ஒரு சிறு குவளையில் தூளின் வகையைப் பொறுத்து 100 முதல் 200 மில்லிகிராமுக்கு மேலும் இருக்கக்கூடும். வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராமும், கர்ப்பிணிகளுக்கு 200 மில்லிகிராமும் மேல் எல்லை என்று சொல்லப்படுகிறது. ஆகவே கர்ப்பிணிகளுக்கு ஒரு குவளையே கூடுதலாகிவிடக்கூடும்; கஃபீன் நீக்கிய உடனடித் தூளில் தனியாகச் செய்து கொடுக்கலாம். பிள்ளைகளுக்கும் அதையே சொல்வேன், அல்லது ஏலப் பாலில் ஒரு தேக்கரண்டி சாயம் நிறத்துக்கு மட்டும்.

சீனியைப் பொறுத்தவரை, 200 கிராம் டின்பாலில் சேர்க்கப்பட்ட சீனி மட்டும் ஏறத்தாழ 90 கிராம். குவளைக்கு 13 கிராமுக்குச் சற்று மேல், அதாவது மூன்று தேக்கரண்டிக்கு மேல். கித்துளோ பனங்கட்டியோ போட்டால் இது குறைந்துவிடும் என்று நம்பிக் குடிப்பவர்களைப் பார்க்கிறேன். அவையும் சீனியே, சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு அவற்றால் விலக்கு இல்லை. அவர்களுக்கு டின்பால் இல்லாமல், கெட்டியாகக் கரைத்த பால்மாவும் ஏலமும் வெனிலாவும் சேர்த்துத் தனிப் போத்தல் செய்துவையுங்கள். இனிப்பு இல்லாவிட்டாலும் ஏலத்தின் மணம் இனிப்பைப் போன்ற உணர்வைத் தரும்.

பசும்பால் ஒத்துக்காது. தேங்காய்ப்பாலில செஞ்சா வெள்ளை வெள்ளையாத் திட்டு மிதக்குது, என்ன செய்றது?

அது கெட்டுப்போனதல்ல, உறைந்த தேங்காய் எண்ணெய். தேங்காய்க் கொழுப்பு ஏறத்தாழ 24 பாகையில் இறுகும்; கொழும்பின் அறைச் சூட்டில் நீராக இருக்கும் அது குளிர்சாதனப் பெட்டிக்குள் போனதும் திட்டாகிறது. முதற்பாலைத் தவிர்த்து இரண்டாம் பாலைப் பயன்படுத்தினால் கொழுப்புக் குறைவு, திட்டும் குறைவு. அல்லது சாயத்தையும் பனங்கட்டிப் பாகையும் மட்டும் குளிரவைத்து, குடிக்கும் நேரத்தில் புதிதாகப் பிழிந்த பாலைச் சேர்த்து பிளெண்டரில் ஒரு சுற்றுச் சுற்றி உடனே குடித்துவிட வேண்டும். தேங்காய்ப்பாலுக்கு வெனிலாவைவிடக் கறுவாவும் கித்துளும் பொருந்தும்.

மகளின்ட பிறந்தநாளுக்கு அம்பது பேர் வருவாங்க. எல்லாத்தையும் எட்டால பெருக்கிப் போட்டாச் சரிதானே?

கோப்பி, தண்ணீர், டின்பால், பால் ஆகியவற்றைப் பெருக்கலாம்: 640 கிராம் தூள், 5.6 லீற்றர் தண்ணீர், 1.6 கிலோ டின்பால், 2.4 லீற்றர் பால். ஏறத்தாழ எட்டு லீற்றர் கிடைக்கும், ஐம்பது பேருக்குக் கொடுத்தும் கொஞ்சம் மிஞ்சும். வடிப்பதை மட்டும் ஒரே தடவையில் செய்யாமல் மூன்று நான்கு தடவைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஐந்து லீற்றரைத் துணியில் வடித்து முடிப்பதற்குள் கடைசிப் பங்கு தூளோடு அரை மணி நேரம் கிடந்து கசந்துவிடும்.

ஆறவைப்பதுதான் உண்மையான சிக்கல். எட்டு லீற்றர் சூடான பானையை அப்படியே குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் உள்ளே இருக்கும் மற்ற உணவுகளும் சூடாகும், பானையின் நடுப்பகுதி மறுநாள் வரைக்கும் குளிராது. அகன்ற, ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, தொட்டி நீரில் ஆறவைத்து, பால் சேர்த்து, ஒன்றரை லீற்றர் போத்தல்களில் நிரப்பிப் பெட்டிக்குள் படுக்கவையுங்கள். இடம் போதாவிட்டால் ஐஸ்கட்டி வாங்கிப் பெரிய தொட்டியில் போட்டு அதற்குள் போத்தல்களை நிறுத்தலாம்; மீன் சந்தைப் பக்கம் வாங்கும் ஐஸ் போத்தலுக்கு வெளியே மட்டும்தான், குவளைக்குள் போகக் கூடாது.

வாசனைப் பொருட்களை எட்டால் பெருக்காதீர்கள். வெனிலா ஆறு தேக்கரண்டியில் தொடங்குங்கள். ஏலக்காய் என்றால் இருபத்தைந்து, கறுவா என்றால் ஐந்து துண்டு. ஒரு போத்தல் முழுதாகக் குளிர்ந்த பின் குடித்துப் பார்த்து, குறைவாகப் பட்டால் மீதியை அப்போது சேர்க்கலாம். கூடிவிட்டால் சாயம் சேர்த்துத் தணிப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்பதால், பால் சேர்க்காத சாயம் ஒரு லீற்றர் தனியாக எடுத்துவைத்திருப்பது நல்லது.